தோட்டத்துப் புதுமுகம் தலைமைக்கு வந்தபோது

அரசியலுக்குப் புதியவர் தலைவர் பதவிக்கு நிற்கலாமா? மலேசியாவின் கோலா கங்சார் மாவட்டத்துச் சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்த வீ. தி. சம்பந்தனின் வாழ்க்கை, நிற்கலாம் என்கிறது. 1953-இல் மலாயா இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) பேராக் மாநிலத் தலைவரான அவர், ஈராண்டில் கட்சியின் தேசியத் தலைவரானார். 1946-இல் தொடங்கிய அக்கட்சி ஒன்பதாண்டில் நான்கு தலைவர்களைக் கண்டும் பெரும்பாலும் நகரத்துப் படித்தவர்களின் கட்சியாகவே இருந்தது. அதை ரப்பர் தோட்டத் தமிழரிடம் கொண்டுசென்றவர் இந்தப் புதியவர்தான். அனுபவமில்லாத் தலைமை ஆபத்து என்பார்கள். அச்சம் நியாயமானதே. ஆனால் நிர்வாகத்தைப் பதவியில் இருந்தபடியே கற்கலாம். மக்கள் படும் பாட்டையோ முன்பே அறிந்திருக்க வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீதிக்கு வந்தபோது, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைச் சம்பந்தன் தொடங்கவும், தொழிலாளர் தங்கள் சேமிப்பிலேயே தோட்டங்களை வாங்கவும் வைத்தது அந்த அறிவே.