மருத்துவர்–நோயாளி உறவின் தரத்தை அளத்தல்

முதல்நிலை சிகிச்சையில் நோயாளி தன் மருத்துவரை எவ்வளவு நம்புகிறார், சொல்ல வந்ததை அவரால் முழுதாகச் சொல்ல முடிகிறதா, சொன்னது சிகிச்சையில் இடம்பெறுகிறதா என்பவற்றைக் கேள்வித்தாள், நேரக்கணக்கு, வருகைப் பதிவு ஆகியவற்றால் மதிப்பிடுவதே இந்த அளவீடு. நோயாளிக்கு மருத்துவரே ஒரு மருந்தாக அமைகிறார் என்று லண்டனில் மைக்கேல் பாலின்ட் 1957-இல் எழுதிய பிறகுதான் பொதுமருத்துவத்தில் இந்த உறவு தனி ஆய்வுப் பொருளாயிற்று. 1990-இல் அமெரிக்காவில் மருத்துவர் மீதான நம்பிக்கையை அளக்கும் கேள்வித்தாள் வந்தது. 1998-இல் எடின்பரோவின் ஜான் ஹவி, மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தவருக்குத் தன் நோயைச் சமாளிக்கும் திறன் கூடியதா என்று ஆறு கேள்விகளில் கேட்டார். 2004-இல் கிளாஸ்கோவின் ஸ்டூவர்ட் மெர்சர், மருத்துவரின் பரிவை நோயாளியே மதிப்பிடும் பத்துக் கேள்விகளை வெளியிட்டார். அதே ஆண்டு நெதர்லாந்திலிருந்து ஒன்பது கேள்விகள் கொண்ட உறவு அளவுகோலும் வந்தது. இவற்றைத் தமிழாக்கிப் பயன்படுத்துவது எளிது. ஆனால் ஒரு தொழிற்பேட்டையில் அந்த மதிப்பெண்கள் உறவைக் காட்டுமா என்பது வேறு கேள்வி. அங்கே மருத்துவரின் கையெழுத்து கூலியைத் தீர்மானிக்கிறது. அதை விட்டுவிட்டு உறவை அளக்க முடியாது.

சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால், திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் இருக்கிறது கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. இங்குள்ள இரும்பு உருட்டாலைகளிலும் மற்ற ஆலைகளிலும் உள்ளூர்த் தமிழரோடு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலத்தவரும் வேலை செய்கிறார்கள், பலர் கான்ட்ராக்டில். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவருக்கு இ.எஸ்.ஐ. காப்பீடு உண்டு. உடம்புக்கு முடியாமல் வேலைக்குப் போகாத நாட்களுக்கு, ஆண்டுக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். அதற்கு ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். மருத்துவரின் சான்றும் வேண்டும். முதுகுவலியோடு வருபவர் மருந்தும் கேட்கிறார், சான்றும் கேட்கிறார். வலியைக் கூட்டிச் சொல்கிறாரோ என்று மருத்துவருக்குச் சந்தேகம். லீவு கிடைக்காதோ என்று தொழிலாளிக்குப் பயம். ஆலை தன் செலவில் வைத்திருக்கும் மருத்துவரிடம் நிலைமை இன்னும் சிக்கலானது: காசநோயோ வலிப்போ காது மந்தமோ தெரிந்தால் சூப்பர்வைசர் காதுக்குப் போய்விடும் என்று அஞ்சுபவர் அறிகுறியையே மறைத்துவிடுவார். பிரிட்டனிலும் குடும்ப மருத்துவர்தானே சான்று தருகிறார் என்று கேட்கலாம். தருகிறார்தான். ஆனால் அங்கே முதல் ஏழு நாளுக்குத் தொழிலாளியே தன் நோயைத் தெரிவித்துக்கொள்ளலாம்; சில நாள் காய்ச்சலுக்காக யாரும் மருத்துவர் முன் தன் நேர்மையை நிரூபிக்க வேண்டியதில்லை. அந்தச் சூழலில் பிறந்த கேள்வித்தாளில் சான்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் போவது இயல்பே.

வெளிநாட்டுக் கேள்வித்தாள் மட்டும் இங்கே போதாது என்பதற்குத் தமிழ்நாட்டு ஆய்வும் வலு சேர்க்கிறது. விஜயபிரசாத் கோபிசந்திரனும் சத்தீஷ்குமார் செட்லபள்ளியும் தமிழ்நாட்டின் நகரங்களிலும் கிராமங்களிலும் மக்களிடம் நேரில் பேசி 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நம்பிக்கையின் கூறுகளாக அவர்கள் கண்டவை: மருத்துவரின் திறமை, பணம் இல்லாவிட்டாலும் வைத்தியம் பார்ப்பார் என்ற உறுதி, குறைகளைப் பொறுத்துக்கொள்ளும் மனம், அதே மருத்துவரிடமே போகும் விசுவாசம், அவர் மீதுள்ள மரியாதை. இவற்றுள் இரண்டாவதும் மூன்றாவதும்தான் என்னை நிறுத்துகின்றன. பணமில்லாதவர் கைவிடப்பட மாட்டார் என்பது மேலைநாட்டு அளவுகோல்கள் கேட்கவே நினைக்காத கேள்வி. குறையைப் பொறுத்துக்கொள்வதோ எந்தத் திருப்தி மதிப்பெண்ணையும் கெடுத்துவிடும்: வேறு போக்கிடம் இல்லாதவர் ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டுப் போவார். இதே ஆய்வுத் தடத்தில் 2015-இல் நம் சமூகச் சூழலுக்கென ஒரு நம்பிக்கை அளவுகோலும் உருவானது. தொழிற்பகுதிக்கு ஏதாவது செய்வதானால் அதிலிருந்து தொடங்கி, சான்று, ரகசியம், மொழி ஆகியவற்றுக்கான கேள்விகளைச் சேர்ப்பதே முறை. ஒடியா பேசுபவரின் தலைசுற்றலைத் தமிழ் தெரிந்த மேஸ்திரி மொழிபெயர்த்துச் சொல்லும்போது, அந்த அறையில் மூன்றாவதாக நிற்பவர் வேலை கொடுப்பவரின் ஆள். 'உங்கள் நோயைச் சொல்லும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்?' என்ற ஒரே கேள்வி பத்துப் பரிவுக் கேள்விகளைவிட அதிகம் சொல்லும்.

கேள்விகளோடு எண்ணிப் பார்க்கக்கூடியவையும் வேண்டும். ஒரே மருத்துவரைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கும் இறப்பு குறைவதற்கும் தொடர்பு உண்டு என்பதற்கு வலுவான ஆதாரம் உண்டு: 2018-இல் தொகுக்கப்பட்ட 22 ஆய்வுகளில் 18, தொடர்ச்சி கூடிய இடத்தில் இறப்பு குறைவதைக் கண்டன. ஒரு நோயாளியின் மொத்த வருகைகளில் எத்தனை ஒரே மருத்துவரிடம் என்பதை ஓ.பி. பதிவேட்டிலிருந்தே எடுத்துவிடலாம். நேரமும் அப்படித்தான். 67 நாடுகளின் தரவுகளை அலசிய 2017-ஆம் ஆண்டு ஆய்வில் ஒரு நோயாளிக்கான சராசரி நேரம் வங்கதேசத்தில் 48 விநாடியாகவும் ஸ்வீடனில் 22.5 நிமிடமாகவும் இருந்தது. டோக்கன் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது மருத்துவரின் பரிவுக்கு மட்டும் மதிப்பெண் போடுவது அவருக்கே அநியாயம். அந்த மதிப்பெண் உண்மையில் காலிப் பணியிடங்களைப் பற்றியது.

இனிமையாகப் பேசும் மருத்துவர் நல்ல மருத்துவராக இருக்க வேண்டுமா என்பது இந்த அளவீட்டுக்கு எதிரான கனமான மறுப்பு. ஜிஷ்ணு தாஸ் குழுவினர் பயிற்சி பெற்ற போலி நோயாளிகளை மத்தியப் பிரதேசக் கிராமங்களுக்கும் டெல்லிக்கும் அனுப்பிச் செய்த ஆய்வில், சரியான நோயறிதலே அரிதாக இருந்தது. எனவே உறவு மதிப்பெண்ணைத் திறமைக்கான சான்றாகக் கொள்ளவே கூடாது. இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஆனாலும் மறைக்கப்பட்ட அறிகுறியை எந்தத் திறமையாலும் கண்டுபிடிக்க முடியாது என்பதால் உறவு அலங்காரப் பொருளாகிவிடாது. தொழிலாளிகள் மாதத்துக்கு மாதம் இடம் மாறுகிறார்கள், உறவு எங்கே வளரும் என்பது இன்னொரு மறுப்பு. ஆள் மாறினாலும் சிகிச்சைப் பதிவு கூடப் போகலாம். அது போகிறதா என்பதும் அளக்கத் தக்கதே. மூன்றாவது, மதிப்பெண் மருத்துவரைத் தண்டிக்கும் கருவியாகிவிடும் என்ற அச்சம். இதை நான் முழுதாக ஏற்கிறேன். தனி மருத்துவரின் எண் அவர் கைக்கு மட்டும் போக வேண்டும். இ.எஸ்.ஐ. மருந்தகத்தின், ஆலையின் மொத்த எண்ணே வெளியே வர வேண்டும். தொழிலாளியிடம் கேட்பவர் மருந்தகத்து ஊழியராகவோ கம்பெனி ஆளாகவோ இருக்கக் கூடாது. ஷிப்ட் முடிந்த பிறகு, அவர் தங்கும் இடத்தில், அவர் மொழி பேசுபவர் கேட்க வேண்டும். விடைத்தாளில் பெயரோ இ.எஸ்.ஐ. எண்ணோ எழுதக் கூடாது.