பாரம் தோளில இருந்து இடுப்புக்கு இறங்கின கதை

விரிவுரைக்குக் கொண்டுபோற பாக்கையே மாட்டிக்கொண்டு மலையேறிவிட்டு, பின்னேரம் தோள்மூட்டைப் பிடித்துவிட ஆள் தேடினவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறோம். பிழை எங்கட உடம்பில இல்லை. நீண்ட தூரம் நடக்கிறபோது பாரத்தைத் தாங்கவேண்டியது தோள் இல்லை, இடுப்பு. இந்தச் சின்ன உண்மை முதுகுப்பைக்குள் வந்து சேர நிறையக் காலம் எடுத்தது.

1920இல் அலாஸ்காவுக்குப் போன லொயிட் நெல்சன் என்ற அமெரிக்கர், அங்கத்தைய பூர்வகுடி ஒருவரிடம் சுமைச்சட்டகம் ஒன்றை இரவல் வாங்கினார். மரத்தடிகளில் கடல்நாய்த் தோலை இழுத்துக் கட்டிய சட்டகம் அது. அதைப் பார்த்துத் திருத்தி அவர் செய்த ‘ட்ரப்பர் நெல்சன்’ பலகைப்பைக்கு 1924இல் காப்புரிமை கிடைத்தது. பையில் நெல்சனின் பெயர் நிலைத்தது. இரவல் கொடுத்தவரின் பெயர், வழமையாகச் சொல்லப்படுகிற கதையில் இல்லை.

அடுத்த திருப்பம் கலிபோர்னியாவில். சியரா நெவாடா மலைகளில் நடந்துகொண்டிருந்த டிக் கெல்ட்டி, சட்டகத்தின் கீழ்முனைகளைக் காற்சட்டையின் பின்பொக்கற்றுக்குள் செருகிப் பார்த்தார். தோள் இலேசானது, பாரம் இடுப்புக்கு இறங்கியிருந்தது. இடுப்புப்பட்டி என்ற யோசனை அங்கேதான் அவருக்குப் பிடிபட்டது. 1952இல் அவர் வீட்டிலேயே அலுமினியச் சட்டகம் வளைக்க, மனைவி நீனா பை தைத்தார். முதல் வருடம் விற்றது 29 பைகள். ஒன்று 24 டொலர். 1963இல் எவரெஸ்ட் ஏறிய அமெரிக்கக் குழுவும் கெல்ட்டி பைகளையே கொண்டுபோனது. 1967இல் கிரெக் லோவ் சட்டகத்தைப் பைக்குள்ளேயே ஒளித்துவைத்தார். இன்றைக்குக் கடைகளில் தொங்குகிற பெரிய பைகளில் பெரும்பாலானவை அந்த வழியில வந்தவைதான்.

ஆகவே பை வாங்கும்போது நிறத்தையும் பொக்கற்றுகளையும் பிறகு பார்ப்போம். முதலில் முதுகை அளப்போம். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்துகிற எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரையுள்ள நீளம்தான் கணக்கு. உயரமான ஆளுக்கு முதுகு கட்டையாக இருக்கலாம், கட்டையான ஆளுக்கு நீளமாகவும் இருக்கலாம். பைக்குள் பாரம் போட்டு, இடுப்பெலும்பின் மேலே பட்டியை முதலில் இறுக்கி, அதற்குப் பிறகுதான் தோள்பட்டியை இழுக்கவேண்டும். கடைக்குள்ளேயே கொஞ்சநேரம் நடந்து பாருங்கோ. தோள் நொந்தால் அது உங்கட அளவு இல்லை.

நல்ல பை வாங்கக் காசில்லை என்பவர்களுக்கு எம்மா கேட்வுட்டை ஞாபகப்படுத்தலாம். 1955இல், 67 வயதில், 3,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அப்பலாச்சியன் பாதையைத் தனியாக நடந்து முடித்தவர். தானே தைத்த துணிப்பையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவரின் சூத்திரம் இலேசானது: சாமானைக் குறை.

இங்கே, கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற பீக்கோ பாதை 300 கிலோமீற்றருக்கு மேல் தேயிலைத் தோட்டங்களை ஊடறுத்துப் போகிறது. இடுப்புப்பட்டியை இறுக்கிக்கொண்டு அதில நடக்கிற எங்களுக்குப் பக்கத்தில், கொழுந்துப் பாரத்தைத் தலையில கொளுவின கயிற்றால் இழுத்துக்கொண்டு பெண்கள் மலையேறுகிறார்கள். நாங்கள் ஆசைக்குச் சுமக்கிறோம். அவர்கள் அன்றாடச் சம்பளத்துக்கு. தோளில இருந்து பாரத்தை இறக்க இத்தனை மூளைகள் வேலை செய்திருக்கின்றன. அந்தத் தலைகளில இருந்து பாரத்தை இறக்க யார் யோசித்தார்கள்?