பிறர் மோதிச் சேதமான கார்: பழுதுபார்ப்புச் செலவை யார் ஏற்பது?

நந்திதுர்க் (கோலார் தங்கவயல்): கோலார் தங்கச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட பிறகு, நந்திதுர்க், உரிகம், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் பகுதிகளைச் சேர்ந்த பலருக்குப் பெங்களூருவே பிழைப்புக்கான ஊராகிவிட்டது. காலையில் ரயில் நிலையத்தின் அருகே காரை நிறுத்திவிட்டுச் சென்று, இரவில் திரும்பும்போது கதவு நசுங்கியோ பம்பர் உடைந்தோ இருப்பதைக் காண்பவர்கள் உண்டு. சுரங்கக் குடியிருப்புகளின் குறுகிய தெருக்களிலும் இதே நிலைதான். தவறு பிறருடையது என்றாலும், செலவு பெரும்பாலும் கார் உரிமையாளரின் தலையிலேயே விழுகிறது. சட்டம் தரும் வழிகளையும் காப்பீட்டுக் கணக்கையும் அறிந்திருந்தால் இந்தச் சுமையைக் குறைக்க முடியும்.

மோதியவரின் கடமை

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 134-ஆவது பிரிவு, ஆட்களுக்குக் காயம் ஏற்பட்டால் மட்டுமன்றி, பிறர் உடைமைக்குச் சேதம் ஏற்பட்டாலும் பொருந்தும். இடத்தில் காவலர் இல்லாவிடில், மோதிய ஓட்டுநர் அருகிலுள்ள காவல் நிலையத்தில் கூடிய விரைவில், அதிகபட்சம் 24 மணி நேரத்திற்குள், விபத்தைத் தெரிவிக்க வேண்டும். தவறினால் 187-ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை அல்லது ரூ.5,000 வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

உடனே செய்ய வேண்டியவை

வண்டியை நகர்த்துவதற்கு முன், இரு வாகனங்களின் நிலை, எண் பலகை, சேதமடைந்த பகுதி, சுற்றுப்புறம் ஆகியவற்றைப் படம் எடுக்க வேண்டும். அருகிலுள்ள கடை அல்லது வீட்டில் கண்காணிப்புக் கேமரா இருந்தால், பதிவு அழிவதற்குள் அதைப் பாதுகாத்து வைக்குமாறு கேட்டுக்கொள்ள வேண்டும். எண் தெரிந்தால், எம்பரிவாகன் செயலியில் அந்த வாகனத்தின் காப்பீடு நடப்பில் உள்ளதா என்று பார்க்கலாம். இழப்பீடு கோருபவர் கேட்டால், வாகனம், ஓட்டுநர், காப்பீடு ஆகியவை பற்றிய விவரங்களைக் காவல் நிலையமும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் தர வேண்டும் என்கிறது சட்டத்தின் 160-ஆவது பிரிவு.

கோலார் தங்கவயல் தனிக் காவல் மாவட்டமாக இயங்குகிறது. விபத்து நடந்த எல்லைக்குரிய நிலையத்தில் எழுத்து மூலம் புகார் அளித்து, அதற்கான ஒப்புகையைப் பெற்றுக்கொள்வது அவசியம். தமிழில் மட்டும் எழுதத் தெரிந்தவர்கள், உதவி பெற்றுக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ புகாரை அளித்தால் பின்னர் சிக்கல் எழாது.

‘பேசித் தீர்த்துக்கொள்வோம்’ என்றால்

சிறு கீறலுக்கு இடத்திலேயே பணம் பெற்று முடித்துக்கொள்வது பரவலான வழக்கம். ஆனால் வெளியே சிறிய பள்ளமாகத் தெரிவது, பம்பரைக் கழற்றிய பிறகு உள்தாங்கி வளைந்ததாகவோ முகப்பு விளக்கின் பிடி உடைந்ததாகவோ தெரியவரலாம். எனவே பட்டறையில் மதிப்பீடு பெறும் முன், ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கொடுக்கக் கூடாது. சொந்தக் காப்பீட்டில் கோர எண்ணுபவர்கள், நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி எந்த உடன்பாட்டிலும் கையொப்பமிடக் கூடாது. மோதியவரிடமிருந்து பணத்தை மீட்கும் நிறுவனத்தின் உரிமை அதனால் பாதிக்கப்பட்டால், கோரிக்கையே சிக்கலுக்குள்ளாகும்.

இரண்டு வழிகள்

முதல் வழி, சொந்தக் காரின் முழுமைக் காப்பீடு. யார் தவறு என்பது முடிவாகும் வரை காத்திராமல் பழுதுபார்க்கலாம். இரண்டாவது வழி, மோதிய வாகனத்தின் மூன்றாம் நபர் காப்பீடு. இந்தக் காப்பீடு 146-ஆவது பிரிவின்படி கட்டாயமானது. பொதுவாக, உடைமைச் சேதத்திற்குக் கார்களின் பாலிசியில் ரூ.7.5 லட்சம் வரையிலும், இருசக்கர வாகனங்களின் பாலிசியில் ரூ.1 லட்சம் வரையிலும் பாதுகாப்பு உண்டு.

நிறுவனம் உடன்படாவிடில், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்ய வேண்டும். விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் இடம், எதிர்த்தரப்பினர் வசிக்கும் இடம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றின் எல்லையில் மனு செய்யலாம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, விபத்து நாளிலிருந்து 6 மாதத்திற்குள் மனு அளிக்க வேண்டும்.

தன் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே வைத்திருப்பவருக்கு முதல் வழி இல்லை. பழைய கார் வைத்திருப்போர் பலர் இந்நிலையில் உள்ளனர். அவர்களுக்குப் படமும் புகார் ஒப்புகையும் ரசீதுகளுமே துணை.

கையிலிருந்து எவ்வளவு போகும்?

முழுமைக் காப்பீடும் முழுச் செலவையும் தருவதில்லை. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதமும், ஃபைபர் கிளாஸுக்கு 30 சதவீதமும் தேய்மானமாகக் கழிக்கப்படும். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோகப் பாகங்களுக்குக் காரின் வயதைப் பொறுத்துக் கழிவு மாறும்.

எடுத்துக்காட்டாக, மூன்றரை வயதான, 1,500 சிசிக்கு உட்பட்ட காருக்கு, வரி நீங்கலாக ரூ.35,000 செலவாகிறது எனக் கொள்வோம். கதவு ரூ.12,000 எனில், 25 சதவீதக் கழிவு ரூ.3,000. பிளாஸ்டிக் பம்பர் ரூ.8,000 எனில், கழிவு ரூ.4,000. பெயிண்டிங் ரூ.10,000 எனில், அதில் கால் பங்கு பொருள் செலவாகக் கொள்ளப்பட்டு, அதன் பாதியான ரூ.1,250 கழியும். கூலி ரூ.5,000-இல் கழிவு இல்லை. கட்டாயக் கழிவுத் தொகை ரூ.1,000. ஆக, உரிமையாளர் ஏற்பது ரூ.9,250, நிறுவனம் தருவது ரூ.25,750. தேய்மானக் கழிவு இல்லாத கூடுதல் பாதுகாப்பு பெற்றிருந்தால் இந்தச் சுமை பெரிதும் குறையும்.

இதனுடன் ‘நோ க்ளெய்ம் போனஸ்’ இழப்பும் சேரும். கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம் என உயரும் இச்சலுகை, ஒரே கோரிக்கையால் பூஜ்ஜியமாகிவிடும். தவறு பிறருடையது என்பதால் விலக்கு இல்லை. அடுத்த ஆண்டு 45 சதவீதம் பெறவிருந்தவரின் சொந்தச் சேதப் பிரீமியம் ரூ.10,000 எனில், இழப்பு ரூ.4,500. எனவே ரூ.7,000, ரூ.8,000 அளவிலான சிறு சேதத்திற்குக் கோரிக்கை வைப்பதற்கு முன் கணக்குப் பார்ப்பது நல்லது.

நிறுவனம் தந்த தொகையை மோதியவரிடம் மீண்டும் கோர முடியாது. நிறுவனம் தராத பகுதியை மட்டும் அவரிடமிருந்து கோரலாம்.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

சர்வேயர் பார்வையிடும் முன் டிங்கரிங் வேலையைத் தொடங்கக் கூடாது. கழற்றிய பாகங்களையும் அப்புறப்படுத்தக் கூடாது. பெயிண்ட் உரியாத சிறு பள்ளத்தைப் புதுப் பெயிண்ட் இல்லாமலேயே உள்ளிருந்து அழுத்திச் சரிசெய்ய முடியும். ஆழமான பள்ளத்தைத் தட்டி நேராக்காமல் பட்டியால் நிரப்பினால், நாளடைவில் வெடிப்பு விழும். மெட்டாலிக் நிறங்களில் வேறுபாடு தெரியாமல் இருக்க, பக்கத்துப் பகுதிவரை நிறத்தைக் கலந்து அடிக்க வேண்டியிருக்கும். மதிப்பீட்டில் மாற்ற வேண்டிய பாகம், சீர்செய்ய வேண்டிய பாகம், கூலி, பெயிண்டிங் ஆகியவற்றைத் தனித்தனியே குறிப்பிடச் சொல்ல வேண்டும்.

நிறுவனம் தாமதித்தால்

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி, தகவல் கிடைத்த 24 மணி நேரத்தில் சர்வேயர் ஒதுக்கப்பட வேண்டும். 15 நாளில் அறிக்கை வர வேண்டும். அறிக்கை வந்த 7 நாளில் நிறுவனம் முடிவெடுக்க வேண்டும். தவறினால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவிலும், ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் முறையிடலாம். ஒரு மாதத்தில் தீர்வு கிடைக்காவிடில், பாலிசிதாரர் பெங்களூருவில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் அளிக்கலாம்.