வட்டியை ஒழிக்கப்போன சட்டங்கள்: பாகிஸ்தானின் கதை

ஒரு இஸ்லாமிய நாடு எண்டால் அங்க வியாபாரச் சட்டம் முழுக்க ஷரீஆவாத்தான் இருக்கும் எண்டு எங்களில் பலர் நினைக்கிறம். பாகிஸ்தானை எடுத்துப் பார்த்தால் கதை வேறு.

1947இல் அந்த நாடு பிறந்தபோது கையில் இருந்தவை ஆங்கிலேயர் எழுதிய சட்டங்கள். 1872இன் ஒப்பந்தச் சட்டம், காசோலை பற்றிய 1881இன் சட்டம், 1930இன் பொருள் விற்பனைச் சட்டம், 1932இன் பங்குடைமைச் சட்டம் எல்லாம் இன்றும் அங்கே நடைமுறையில் உள்ளன. ஒரு விற்பனை செல்லுமா, ஒப்பந்தத்தை மீறினால் நட்டஈடு என்ன என்ற கேள்விகளில் பெரிய மோதல் வரவில்லை. மோதல் வந்தது வட்டியில்தான்.

வட்டியை, அதாவது ரிபாவை, இயன்றளவு விரைவாக ஒழிக்கவேண்டும் என்று 1973 அரசியலமைப்பின் 38ஆம் உறுப்புரை சொன்னது. அதைச் செய்ய இறங்கியவர் இராணுவ ஆட்சியாளர் ஸியாவுல் ஹக். ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். சட்டங்கள் இஸ்லாத்துக்கு முரணா என்று பார்க்க 1980இல் மத்திய ஷரீஆ நீதிமன்றத்தை அமைத்த அவரே, நிதி, வங்கிச் சட்டங்களைத் தொடக்கூடாது என்று அதன் கையைக் கட்டியும் விட்டார். அந்தக் கட்டு பத்து வருடம் நீடித்தது.

இதற்கிடையில் வங்கிகள் 1981இல் இலாப நட்டப் பங்குக் கணக்குகளைத் தொடங்கின. 1985இல் உள்நாட்டு வைப்புகளில் வட்டி என்ற சொல்லே இல்லாமல் போனது. கடனுக்கு வந்தது 'மார்க்அப்' முறை. உங்களுடைய பொருளை வங்கி 100 ரூபாய்க்கு வாங்கியதாக எழுதும். அதையே 115 ரூபாய்க்கு, பிறகு காசு தரும்படி, உங்களுக்கே விற்றதாகவும் எழுதும். பொருள் இருந்த இடத்தை விட்டு அசையாது. கடன்காரர் கட்டுறது அதே காசுதான்.

கட்டு அவிழ்ந்ததும் 1991இல் ஷரீஆ நீதிமன்றம் இந்த மார்க்அப்பையும் சேர்த்து, சுமார் 20 சட்டங்களில் இருந்த வட்டி விதிகளைச் செல்லாதவை என்றது. அரசு மேன்முறையீடு செய்தது. 1999இல் உச்ச நீதிமன்றத்தின் ஷரீஆ அமர்வு தீர்ப்பை உறுதிசெய்தது. 2002இல் அதே அமர்வு, வேறு நீதிபதிகளோடு, அதை நீக்கி வழக்கை முதலில் இருந்து விசாரிக்கச் சொன்னது. மறு தீர்ப்பு வர 20 வருடம் எடுத்தது. 2022 ஏப்ரலில் வந்த அந்தத் தீர்ப்பு 2027 டிசம்பர் 31வரை அவகாசம் கொடுத்தது. 2024இல் அரசியலமைப்பின் 26ஆவது திருத்தம் 2028 ஜனவரி 1 என்று திகதி குறித்தது. அதிலும் 'நடைமுறைச் சாத்தியமான அளவுக்கு' என்ற சொற்கள் இருக்கின்றன.

ஏன் இந்த இழுபறி? வங்கிகளிடம் பெரிய கடன்காரனே அரசுதான். வெளிநாட்டுக் கடனும் வட்டியோடுதான் வருகிறது. தன்னுடைய கழுத்தையே நெரிக்கக்கூடிய சட்டத்தை எந்த அரசு அவசரமாகக் கொண்டுவரும்?

ரிபா தடையின் நியாயம், நட்டம் முழுவதும் கடன் வாங்கியவனின் தலையில் விழக்கூடாது என்பது. அப்படியென்றால் 2028இல் பார்க்கவேண்டியது ஒன்றுதான்: வியாபாரம் படுத்தால் வங்கியும் சேர்ந்து நட்டப்படுமா? இல்லையென்றால், மாறியது படிவத்தில் உள்ள சொல் மட்டும்தான்.