டிராஸ்டூஸுமாப் கூட்டு மருந்துச் சிகிச்சை

பிற உறுப்புகளுக்கும் பரவிவிட்ட ஹெர்-2 என்ற புரதம் மிகுந்த வகை மார்பகப் புற்றுநோய்க்கு, டிராஸ்டூஸுமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்தையும் கீமோதெரபி மருந்தையும் சேர்த்துத் தரும் முறை. மார்பகப் புற்றுநோய்களில் 15 முதல் 20 விழுக்காடு இவ்வகையைச் சேர்ந்தவை. இம்மருந்தின் வரலாற்றில் பெங்களூரு–ஓசூர் தொழில் வட்டாரத்துக்கும் பங்குண்டு.

முதல் சோதனைகள்

முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு ஐந்து மருந்துகளைச் சேர்த்துத் தந்த அனுபவத்தை 1969இல் மருத்துவர் ரிச்சர்ட் கூப்பர் அறிவித்தார். ஒரு மருந்துக்குத் தப்பும் செல் இன்னொன்றில் அழியும் என்பதே கூட்டு மருந்தின் அடிப்படை. அதே அடிப்படையில் கீமோதெரபியுடன் சேர்க்கப்பட்ட டிராஸ்டூஸுமாப் 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டென்னிஸ் ஸ்லாமன் குழு 469 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2001இல் வெளியானது. கீமோதெரபி மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 20.3 மாதம், டிராஸ்டூஸுமாபும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 25.1 மாதம்.

அதே ஆய்வு ஓர் ஆபத்தையும் காட்டியது. ஆந்த்ராசைக்ளின் வகை கீமோதெரபி மருந்துடன் சேர்த்துத் தந்தபோது 27 விழுக்காட்டினருக்கு இதயம் பாதித்தது. பாக்லிடாக்செலுடன் 13 விழுக்காடு. அதனால் பாக்லிடாக்செல் போன்ற டாக்சேன் வகை மருந்துகளே வழக்கமான துணையாயின. சிகிச்சை தொடங்கும் முன்பும் இடையிலும் எக்கோ எடுத்து இதயத்தின் இயக்கத்தைப் பார்ப்பது கட்டாயமானது.

ஓசூர் சாலையில்

ஓசூரை அடுத்த ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. அதே நெடுஞ்சாலையில் மேலும் போனால் பொம்மசந்திரா. அங்கு வளாகம் கொண்ட பயோகான் என்ற மருந்து நிறுவனம், மைலான் நிறுவனத்துடன் சேர்ந்து இம்மருந்தின் உயிரி நிகர் மருந்தை உருவாக்கியது. கான்மாப் என்ற பெயரில் 2014இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது 440 மி.கி. குப்பியின் விலை ரூ. 57,500. மூல மருந்தைவிடக் குறைவுதான் என்றாலும் தொழிலாளர் குடும்பத்துக்கு அது பெரும் சுமை.

இரண்டு மருந்துகளும் நிகரா என்பதை ஹெரிடேஜ் ஆய்வு டாக்சேனுடன் சேர்த்தே சோதித்தது. முதன்மைப் பகுப்பாய்வில் 458 பெண்கள். 24ஆம் வாரத்தில் புதிய மருந்து பெற்றோரில் 69.6 விழுக்காட்டினருக்கும், மூல மருந்து பெற்றோரில் 64.0 விழுக்காட்டினருக்கும் கட்டி சுருங்கியிருந்தது. முன்பே வகுத்த வரம்புக்குள் அந்த வேறுபாடு அடங்கியதால் நிகர்த்தன்மை உறுதியானது. 2017 டிசம்பர் 1 அன்று அமெரிக்கா அனுமதித்த முதல் டிராஸ்டூஸுமாப் நிகர் மருந்து இதுவே.

பிந்தைய நிலை

பெர்டூஸுமாப் என்ற இன்னோர் எதிர்ப்பொருள் மருந்தையும் சேர்த்த கிளியோபாட்ரா ஆய்வில் இடைநிலை வாழ்நாள் 40.8 மாதத்திலிருந்து 56.5 மாதமாக உயர்ந்தது. இந்தப் பலன் ஓசூர் அடங்கிய கிருஷ்ணகிரி மாவட்டப் பெண்களை எட்ட இரண்டு தேவை: திசுவில் ஹெர்-2 பரிசோதனை காலத்தே நடக்க வேண்டும், மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் மருந்து, பணமில்லை என்றோ ஷிப்டுக்கு விடுப்பில்லை என்றோ ஒரு முறைகூடத் தவறக் கூடாது.