கஸிமியேஷில் ஒரு மலிவு அறை

போலந்துல கிராக்கோவ் போனப்போ, பழைய நகரச் சதுக்கத்துல அறை வாடகை நம்ம ஸ்காலர்ஷிப்புக்குக் கட்டுப்படியாகல. இருபது நிமிஷம் நடந்தா கஸிமியேஷ். பழைய வீட்டைத் தடுத்து விடுதியாக்கியிருந்தாங்க, அங்கேதான் தங்கினேன்.

1335-ல் மன்னர் மூன்றாம் கசிமிர் தன் பேரிலேயே நிறுவிய தனி ஊர் இது. 1495-ல் மன்னர் யான் ஓல்பிராக்ட் கிராக்கோவ் யூதர்களை இங்கே அனுப்பினார். அப்புறம் நானூறு வருஷத்துக்கும் மேலாக அவர்கள் வேர்விட்ட இடம். 1941 மார்ச்சில் நாஜிகள் விஸ்துலா ஆற்றுக்கு அக்கரையில், பொத்கூஜே பகுதியில் கெட்டோ அமைத்து யூதர்களை அடைத்தார்கள். 1943 மார்ச்சில் அதையும் ஒழித்தார்கள்: பலரைத் தெருவிலேயே சுட்டு, மற்றவர்களை முகாம்களுக்கு அனுப்பி. போருக்குப் பின் திரும்பியவர்கள் சொற்பம். கஸிமியேஷ் பல வருஷம் சீரழிஞ்சு கிடந்தது.

1993-ல் வெளியான 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படத்துக்குப் பிறகுதான் சுற்றுலாக் கூட்டம் பெருகிச்சு. ஸ்பீல்பெர்க் கெட்டோ காட்சிகள் சிலதை இங்கேயே எடுத்ததால, இதுதான் கெட்டோன்னு நினைச்சு போட்டோ புடிச்சுட்டுத் திரும்புறவங்க உண்டு. நிஜ கெட்டோ இருந்த இடத்துல, அக்கரைச் சதுக்கத்துல, ஆளில்லாத உலோக நாற்காலிகள்தான் நினைவுச்சின்னம்.

கஸிமியேஷ்ல தங்கினா கண்டிப்பா பாலம் தாண்டிப் போயிட்டு வாங்க மக்களே. நாம வாடகைக்கு எடுக்கிற அறைகள் யாரோட வீடா இருந்துச்சுங்கிறது அந்த நாற்காலிகளைப் பாத்தாத்தான் உறைக்கும்.