திண்டுக்கல்லில் பிடில் கற்ற வாத்தியார்

மலைக்கோட்டையும் பூட்டும் இல்லாமல் நம் ஊரைப் பற்றி ஒரு கட்டுரை வருவது அபூர்வம். இந்த மலரில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பற்றி எழுத ஆசைப்படுகிறேன். ஆபிரகாம் பண்டிதர் என்றால் தஞ்சாவூர்க்காரர் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். நாம் படித்த இதே ஊரில்தான் அவரும் படித்தார் என்று பின்னால் தெரிந்தபோது, "அட, நம்ம ஆளு!" என்று சொல்லத் தோன்றியது.

1859-இல் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். வாத்தியார் பயிற்சிக்காகத் திண்டுக்கல் நார்மல் பள்ளிக்கு வந்தார். வந்த இடத்தில் சடையாண்டிப் பத்தர் என்பவரிடம் பிடில் கற்றுக்கொண்டார். சான்றிதழ் வாங்க வந்த பையனுக்கு அதைவிடப் பெரிய சொத்து அதுதான்.

பிறகு தஞ்சையில் அவரும் மனைவி ஞானவடிவு பொன்னம்மாளும் பெண்கள் பள்ளியில் ஆசிரியர்கள். 1890-இல் வேலையை விட்டு முழுநேர சித்த வைத்தியரானார். சுருளிமலையில் தமக்கு மூலிகை ரகசியம் சொன்ன கருணானந்தரின் பெயரையே மருந்துக்கும் நூலுக்கும் வைத்தார். மருந்தில் சம்பாதித்ததை இசையில் கொட்டினார். 1912 முதல் சொந்தச் செலவில் சங்கீத மாநாடுகள். வித்வான்களுக்கு வழிச்செலவு, சாப்பாடு எல்லாம் இவர் பொறுப்பு.

சண்டை ஒரே ஒரு கணக்கில்தான். ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதி என்றது பழைய சாஸ்திரம். இல்லை, தமிழர் கண்டது சமமான 24 என்றார் இவர். சிலப்பதிகாரத்து ஆயப்பாலையில் 12, வட்டப்பாலையில் 24, அதன் மேல் 48, 96 என்று வாய்ப்பாடு மாதிரி போட்டுக் காட்டினார். வாத்தியார் புத்தி போகுமா? 1916-இல் பரோடா மாநாட்டுக்கு மகள்களையும் அழைத்துப் போய், வீணையிலும் பாட்டிலும் அதை நிரூபிக்கச் செய்தார். பெண்கள் சபையேறத் தயங்கிய காலம் அது! வித்வான்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டார்களா என்றால், இல்லை. எனக்கும் எல்லாம் விளங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தமிழிசைக்குத் தமிழ் நூல்களிலேயே இலக்கணம் தேடலாம் என்று ஆயிரம் பக்கத்துக்கு மேல் எழுதிக் காட்ட ஒரு துணிச்சல் வேண்டும். அந்தக் 'கருணாமிர்த சாகரம்' 1917-இல் வெளிவந்தது. இரண்டே வருஷத்தில், 1919 ஆகஸ்டில் அவர் போய்விட்டார்.

மிச்சத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாம் பாகத்தை மகள் மரகதவல்லி 1946-இல் அச்சேற்றினார். மகன் வரகுணபாண்டியன் யாழைப் பற்றி எழுதிய 'பாணர் கைவழி' 1950-இல் வந்தது.